வார்டுக்குப் போகும் முன் ஒரு கதை: நர்சிங் கற்பிக்கப் புதிதாக வந்தவர்களுக்கு

பெங்களூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் ட்யூட்டராகச் சேர்ந்தால், சீனியர்கள் யாரும் எடுக்க விரும்பாத கம்யூனிகேஷன் யூனிட் பெரும்பாலும் புதிதாக வந்தவர் தலையில்தான் விழும். ‘எம்பதி’ (அடுத்தவர் இடத்தில் நின்று அவர் நிலையை உணர்வது) என்று ஒரு ஸ்லைடு, அதற்கு ஒரு வரையறை, கீழே நாலு பாயின்ட். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், இன்டர்னல் தேர்வில் மார்க்கும் வாங்கிவிடுவார்கள். மறுநாள் வார்டில் அதே பிள்ளை வந்து, “மேம், பதினாலாம் பெட் ஹிஸ்டரக்டமி சாப்பிட மாட்டேங்குது” என்பாள். கர்ப்பப்பையை எடுக்கும் அறுவைதான் அந்த நோயாளிக்குப் பெயராகிவிட்டது.

அந்த ஸ்லைடு செய்யாததை ஒரு சின்னக் கதை செய்யும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு நர்ஸ் உருப்படியாக வேலை கற்றுக்கொள்ள எல்லா நோயும் வந்து போக வேண்டியிருக்கும். கதை என்பது அதற்குக் குறுக்கு வழி. ஆனால் எல்லாக் கதையும் அதைச் செய்துவிடாது. கேட்டவர்களை அழ வைத்துவிட்டால் பாடம் முடிந்தது என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கு வேறு: கதை கேட்ட பிள்ளை மறுநாள் காலை கட்டிலருகே ஒரு காரியத்தையாவது மாற்றிச் செய்ய வேண்டும். அழுதாளா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை.

எந்தப் பழக்கம் மாற வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

கதையைத் தேடும் முன் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். ‘பரிவு வளர வேண்டும்’ என்று எழுதினால் அது எங்கும் போய்ச் சேராது. ‘டிரெஸ்ஸிங் செய்யும்போது நோயாளியின் தலைக்கு மேலே நாம் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்த வேண்டும்’, ‘திரையை இழுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்’, ‘சார்ட்டில் ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுதும் முன் காரணம் கேட்க வேண்டும்’ என்று கண்ணுக்குத் தெரியும் செயலாக எழுதுங்கள்.

இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. தெரசா வைஸ்மன் 1996-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் எம்பதியை நாலாகப் பிரித்தார்: எதிரில் இருப்பவர் பார்ப்பதுபோல் உலகத்தைப் பார்ப்பது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, அவருடைய உணர்வைப் புரிந்துகொள்வது, புரிந்துகொண்டோம் என்பதை அவருக்குத் தெரியப்படுத்துவது. நாலாவதைத்தான் நம் வகுப்புகள் விட்டுவிடுகின்றன. மாணவி மனதுக்குள் உருகிப் போய் நிற்பாள். கட்டிலில் இருப்பவருக்கு அது தெரியாது. ஒரு கதைக்கு இந்த நாலில் ஒன்று போதும்.

கதை எங்கே கிடைக்கும்

தேடிப் போக வேண்டாம், காது கொடுத்தால் போதும். நைட் டூட்டி முடித்து டீ குடிக்கும் சிஸ்டர்கள், வார்டு ஆயாக்கள், நோயாளிக்குத் துணையாக வந்து ஓ.பி. வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் அட்டெண்டர்கள் எல்லாரிடமும் கதை இருக்கிறது. பெங்களூரில் தமிழ் தெரிந்த ட்யூட்டருக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரியில் அல்சூர், மர்ஃபி டவுன் தமிழர்களைப் பார்க்காத நாள் இருக்காது. ஒரே வார்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு, தக்கிணி உருது எல்லாம் ஓடும். கேஸ் ஷீட்டில் ஏறாத பேச்சு உங்கள் காதில் விழும்.

ஆனால் உங்கள் வகுப்பு அப்படி இருக்காது. கோட்டயத்துப் பிள்ளைகள், இம்பாலிலிருந்து வந்தவர்கள், கொல்கத்தாவிலிருந்து வந்தவர்கள், நடுவே ஹாசனிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் சிலர் என்று கலந்து உட்கார்ந்திருப்பார்கள். வார்டில் நோயாளி பேசுவது பாதிப் பேருக்குப் புரியாது. இதைக் குறையாக நினைக்காதீர்கள். மொழி தெரியாத இடத்தில் ஒரு ஆள் எவ்வளவு சின்னதாகிப் போவார் என்பது இந்தப் பிள்ளைகளுக்குச் சொந்த அனுபவம். அதனால் முதல் கதையை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்: பெங்களூர் வந்த முதல் வாரம் பி.எம்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டர் ஏதோ கேட்டபோது என்ன செய்தாய்? ஹாஸ்டலில் காய்ச்சலாகப் படுத்தபோது யாரிடம், எந்த மொழியில் சொன்னாய்? சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். அப்புறம் யாராவது ஒருத்தி, “தலையாட்டிட்டேன் மேம், புரிஞ்ச மாதிரி” என்பாள். அந்த வாக்கியத்தைப் போர்டில் எழுதி வையுங்கள். டிஸ்சார்ஜ் அன்று மாத்திரை விவரம் சொல்லும்போது தலையாட்டும் நோயாளியைப் பற்றி இதற்கு மேல் ஒரு லெக்சர் தேவையில்லை.

தவிர்க்க வேண்டியவை: வாட்ஸ்அப்பில் வரும் ‘தெய்வமாக வந்த நர்ஸ்’ வகைக் கதைகள். யார் எழுதியது என்றே தெரியாது, கடைசியில் எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள். மரணக் கதையையும் முதல் வருடத்தில் ஓரம் வையுங்கள். சாவுக்கு முன்னால் எல்லாருமே மௌனமாகிவிடுவதால், அங்கே கவனிக்கக் கற்றுக்கொடுப்பது கடினம். அன்றாடம் நடக்கும் சின்னச் சங்கடம்தான் நல்ல பாடம்.

அடையாளத்தை அழிப்பது

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், வயது, தொழில், நோய், குடும்பம் ஆகியவற்றில் குறைந்தது மூன்றையாவது மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேரின் கதையைக் கலந்து ஒரு ஆளாக்குங்கள். போட்டோ வேண்டவே வேண்டாம், முகம் மறைத்ததும் வேண்டாம். நடந்தது போன வாரம் என்றால் இந்த வாரம் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதே வார்டுக்குத்தான் போகிறார்கள், கட்டில் எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சட்டமும் இருக்கிறது. ஹெச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்வதை 2017-ம் ஆண்டு ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மனநோய் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை அதே 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் காக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். நிம்ஹான்ஸ் போன்ற மனநல மருத்துவமனையில் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) இருந்தால் இதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள். ‘இங்கே கேட்டது ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போகாது’ என்ற ஒப்பந்தம் எல்லாக் கதைக்கும் பொருந்தும்.

கதையின் வடிவம்

ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முக்கியப் பாத்திரங்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒரு முரண்பாடு, ஒரு தடயம், அவ்வளவுதான். முடிவைச் சொல்லாமல் நிறுத்துங்கள். மாதிரிக்கு நான் இட்டுக்கட்டிய ஒன்று:

அறுபது வயதுக்காரர். ஊர் போச்சம்பள்ளி பக்கம். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். கரண்ட் வைப்பதற்காக, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்காக, பெங்களூர் வந்து பெண்கள் வார்டில் சேர்ந்திருக்கிறார். கூட இருப்பது மருமகள். ராத்திரி கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவே பாய் போட்டுப் படுக்கிறாள். மற்ற கட்டில்களின் ஆட்களும் அப்படித்தான், பத்து மணிக்கு மேல் தரையில் கால் வைக்க இடமிருக்காது. கழிவறை வராந்தாவின் அந்தக் கோடியில்.

குடித்ததையும் வெளியேறியதையும் குறிக்கும் இன்டேக்–அவுட்புட் சார்ட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் குறைவு. இன்று காலை கரண்ட் அறையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், சிறுநீர்ப்பை நிறையவில்லையாம். ரவுண்ட்ஸில் டாக்டர் சத்தம் போட்டார். சார்ட்டில் ‘ஒத்துழைப்பதில்லை’ என்று ஏறிவிட்டது.

சாயங்காலம் ஒரு மாணவி தண்ணீர் ஜக்கோடு போய் நிற்கிறாள்.

“குடிங்கம்மா. நாளைக்கும் திருப்பி அனுப்பினா என்ன பண்ணுவீங்க?”

“எறங்கல கண்ணு.”

“ஒரு டம்ளராவது.”

அந்த அம்மா டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். சுவரோரம் சுருட்டி வைத்திருக்கும் பாயை ஒரு தடவை பார்க்கிறார். “அப்புறமா குடிக்கிறேன், நீ போ சாமி.” மாணவி டம்ளரைப் பார்க்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஆறு மணி வைட்டல்ஸ் (நாடி, பி.பி., காய்ச்சல் பார்ப்பது) இன்னும் எட்டுப் பேருக்குப் பாக்கி.

இவ்வளவுதான் கதை. இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். நர்சை வில்லியாக்கும் கதையைக் கேட்டால் பிள்ளைகள் ‘நான் அப்படி இல்லை’ என்று தப்பித்துக்கொள்வார்கள். வேலைப் பளுவும் கதைக்குள் இருக்க வேண்டும், அதனால்தான் அந்த எட்டு வைட்டல்ஸ். வயிற்றின் கீழ்ப்பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது சிறுநீர்ப்பையை நிறைத்து வைக்கச் சொல்வது வழக்கம், குடலின் மீது கதிர் படுவது அதனால் குறையும். பாடப் புத்தகத்தில் உள்ள விஷயம் இப்படிக் கதைக்குள் நிஜமாக வேலை செய்ய வேண்டும். ‘பாவம், ஏழை அம்மா’ என்று ஒரு வார்த்தைகூட இல்லை. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் வேலையை நீங்கள் செய்துவிட்டால் அவர்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

சொல்லும்போது

புரொஜக்டரை அணையுங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட முடிந்தால் நல்லது. பெஞ்சுகள் தரையோடு அடிக்கப்பட்டிருந்தால் நீங்கள் நடுவில் போய் நில்லுங்கள். காகிதத்தைப் பார்த்துப் படிக்காமல் சொல்லுங்கள். வகுப்புக்கு ஆங்கிலத்தில் சொன்னாலும் நோயாளி பேசும் வரிகளை அவர் மொழியிலேயே சொல்லிவிட்டு அர்த்தம் சொல்லுங்கள். ‘நீ போ சாமி’யை ஆங்கிலத்தில் மட்டும் சொன்னால் அந்த அம்மா வகுப்புக்குள் வரமாட்டார்.

முடிந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். புதியவர்களுக்கு இதுதான் கஷ்டம். மௌனம் தாங்காமல் நாமே விளக்க ஆரம்பித்துவிடுவோம்.

கேள்விகள்

இந்த முறையின் உயிர் இங்கேதான். ‘இந்தக் கதையிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால், ‘நோயாளிகளிடம் அன்பாக இருக்க வேண்டும் மேம்’ என்று ஆரம்பப் பள்ளிப் பதில் வரும். ‘உனக்கு எப்படி இருந்தது?’ என்பதையும் முதலில் கேட்க வேண்டாம். பேச்சு அந்த அம்மாவை விட்டுவிட்டு மாணவியின் மனசுக்குத் தாவிவிடும்.

முதல் கேள்வி: என்ன பார்த்தீர்கள்? வரும் பதில்கள் பெரும்பாலும் தீர்ப்புகளாக இருக்கும். ‘அவங்களுக்கு டிப்ரஷன்.’ ‘படிப்பறிவு இல்லை.’ ‘வாழணும்னு ஆசை இல்லை.’ எதையும் தவறு என்று சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எதிர்க்கேள்வி: கதையில் எந்த வரியில் அது இருக்கிறது? தேடுவார்கள், கிடைக்காது. தாங்களே இட்டு நிரப்பியது என்று அவர்களுக்கே தெரிய வரும்.

இரண்டாவது: அந்த அம்மாவின் கண் எங்கே போனது? இங்கே யாராவது ஒருத்தி பிடித்துவிடுவாள். பாய். ஏன் பாய்? “ராத்திரி எழுந்தா மருமகளை எழுப்பணும்.” “எல்லாரையும் தாண்டிப் போகணும்.” “அதனால சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல!” அந்தக் கணத்தில் வகுப்பின் சத்தமே மாறும்.

சரி, இங்கே பலர் பாடத்தை முடித்துவிடுவார்கள். முடிக்காதீர்கள். மூன்றாவது கேள்வி: நாம் நினைத்தது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊகித்தது சரியாகவே இருந்தாலும் ஊகம் ஊகம்தான். போய்க் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று ஜோடி ஜோடியாக வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஏன் குடிக்கல?’ என்றால் குற்ற விசாரணை. ‘ராத்திரி பாத்ரூம் போக சிரமமா இருக்காம்மா?’ என்றால் கதவு திறக்கும். மொழி தெரியாத மாணவிக்கும் இந்த ஒரு வரியைத் தமிழிலும் கன்னடத்திலும் மனப்பாடம் பண்ண வையுங்கள். உச்சரிப்பு தப்பானாலும் பரவாயில்லை, நோயாளி சிரிப்பார், அதுவும் நல்லதுதான்.

நாலாவது: என்ன செய்யலாம்? ‘பெட்பேன்’ என்று ஒருத்தி சொல்வாள். ‘அத்தனை பேர் நடுவிலா?’ என்று இன்னொருத்தி கேட்பாள். திரை எங்கே இருக்கிறது, பகலிலேயே நாலு மணிக்குள் எவ்வளவு தண்ணீர் கொடுத்துவிடலாம், காலையில் எப்போது எழுப்பிக் குடிக்க வைக்கலாம், வராந்தா பக்கத்துக் கட்டில் காலியானால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் எப்படிக் கேட்பது என்று பேச்சு போகும். இதில் அளவும் நேரமும் மருத்துவர் சொன்னபடிதான் என்பதை ஞாபகப்படுத்துங்கள். கடைசியாகச் சார்ட்டுக்கு வாருங்கள். ‘ஒத்துழைப்பதில்லை’ என்ற சொல்லை அழித்துவிட்டு அந்த இடத்தில் என்ன எழுதலாம்? ‘இரவில் கழிவறைக்குப் போவதில் சிரமம் இருப்பதால் மாலைக்கு மேல் தண்ணீரைத் தவிர்ப்பதாகச் சொல்கிறார்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அடுத்த ஷிஃப்ட்டில் வரும் சிஸ்டர் அந்த அம்மாவை வேறு விதமாக அணுகுவார்.

மறுநாள் காலை

கதை வகுப்பு முடிந்த மறுநாளே வார்டு போஸ்டிங் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளினால் சூடு போய்விடும். வார்டுக்குள் போகும் முன் பேசும் ப்ரீ-கான்ஃபரன்ஸில் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: இன்று உன் நோயாளியிடம், சார்ட்டில் இல்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. அவர் வீட்டில் எதைக் கவலையாக விட்டுவிட்டு வந்தார், எந்த நேரத்தில் வலி அதிகம், யார் பார்க்க வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார், இப்படி எதுவானாலும் சரி. வார்டு முடிந்து பேசும் போஸ்ட்-கான்ஃபரன்ஸில் ஆளுக்கு ஒரு நிமிடம். அதை வைத்து, நோயாளிக்கு என்னென்ன செய்வது என்று எழுதும் கேர் பிளானில் ஒரு வரி மாறியதா என்று மட்டும் கேளுங்கள்.

நோயாளி பேச விரும்பவில்லை என்றால் விட்டுவிட வேண்டும், இதையும் முன்பே சொல்லுங்கள். கதை கறக்கப் போகும் மாணவி, வலியில் இருப்பவருக்கு இன்னொரு தொல்லை.

எழுத வைப்பது, மார்க் போடுவது

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டாக்டர் ரீட்டா சரோன் 1993-ல் தன் மருத்துவ மாணவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி சார்ட்டில் எழுத இடமில்லாததை, ஆனால் எங்காவது எழுதியே ஆக வேண்டியதை, தனியாக இன்னொரு தாளில் சாதாரண மொழியில் எழுதச் சொன்னார். அதை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு பக்கம், எந்த மொழியிலும். மலையாளத்தில் எழுதினால் உங்களுக்குப் படிக்க வராது, அவளையே வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். நர்சிங்கிலும் இதற்கு வேர் உண்டு: அமெரிக்க மனநல நர்சிங் அறிஞர் ஹில்டகார்ட் பெப்லாவின் வழியில் வந்த ப்ராசஸ் ரெக்கார்டிங்கை மனநல போஸ்டிங்கில் பிள்ளைகள் எப்படியும் எழுதுகிறார்கள். நோயாளி சொன்னது, நான் சொன்னது, எனக்குத் தோன்றியது என்று பத்தி பிரித்து எழுதும் அதே வடிவத்தை மெடிக்கல் வார்டுக்கும் கொண்டுவரலாம்.

உணர்ச்சிக்கு மார்க் போடாதீர்கள். போட்டால் எல்லாரும் உருகி உருகி எழுதுவார்கள், சீனியர் நோட்டிலிருந்து காப்பியும் அடிப்பார்கள். எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறாள், தன் ஊகத்தையும் பார்த்ததையும் பிரித்திருக்கிறாளா, ஏதாவது செய்தாளா என்ற மூன்றையும் பாருங்கள், போதும்.

முதல் வருடத்தோடு இதை நிறுத்திவிட வேண்டாம். பிலடெல்பியாவில் மருத்துவ மாணவர்களிடம் ஹோஜத் குழுவினர் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், எம்பதி குறையத் தொடங்கியது நோயாளிகளை நேரில் பார்க்கும் மூன்றாம் ஆண்டில்தான். நம் பிள்ளைகளுக்கும் போஸ்டிங் கூடக் கூட மனசு மரத்துப்போகும் ஆபத்து உண்டு. கடைசி வருடத்துக்குக் கனமான கதைகளை வைத்துக்கொள்ளுங்கள். மாரத்தஹள்ளி பக்கம் உள்ள கருணாஷ்ரயா போன்ற, புற்றுநோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் இல்லத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போக அனுமதி கிடைத்தால், மரணத்தைப் பற்றிப் பேச அதற்குப் பிறகு நேரம் ஒதுக்குங்கள்.

யாராவது உடைந்துவிட்டால்

நடக்கும். கதையில் வந்த நோய் ஒருத்தியின் அம்மாவுக்கு இருக்கலாம். வகுப்பு ஆரம்பத்திலேயே, ‘யாருக்காவது எழுந்து போக வேண்டும் போலிருந்தால் போகலாம், காரணம் சொல்ல வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். அழுபவளை எல்லார் முன்னாலும் பேச வைத்து, ‘பாருங்கள், இதுதான் எம்பதி’ என்று காட்டிவிடாதீர்கள். தோழி ஒருத்தியோடு வெளியே அனுப்புங்கள், வகுப்பு முடிந்ததும் நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். கல்லூரிக் கவுன்சிலர் இருந்தால் அங்கே. இல்லையென்றால் அரசு மனநல உதவி மையமான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ நோட்டீஸ் போர்டில் எப்போதும் ஒட்டி வையுங்கள், அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசலாம்.

டைம்டேபிளில் இடம்

தனி பீரியட் கேட்டால் கிடைக்காது. நர்சிங் ஃபவுண்டேஷன் பாடத்தில் கம்யூனிகேஷன் யூனிட் இருக்கிறது, ப்ரீ-கான்ஃபரன்ஸ் பத்து நிமிடம் இருக்கிறது, அவற்றுக்குள்ளேயே நுழைத்துவிடுங்கள். லெசன் பிளானில் கற்பித்தல் முறை என்ற கட்டத்தில் ‘கதை, கலந்துரையாடல்’ என்று எழுதி, நோக்கம் என்ற கட்டத்தில் நீங்கள் முதலில் எழுதிய அந்த ஒரு வரியை அப்படியே போடுங்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவர்கள் கேட்டால், பிள்ளைகள் திருத்தி எழுதிய கேர் பிளான்களை எடுத்துக் காட்டுங்கள்.